தாய் வீட்டுக்கு ஒரு பயணம்

பழுதான சைக்கிளை நீங்களே பிரித்துப் பூட்டியதுண்டா? உண்டென்றால், இந்த வரலாறு உங்களுக்குப் பிடிக்கும்.

ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் வாழ்ந்த கார்ல் பென்ஸ், தம் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்கு 1886-இல் காப்புரிமை பெற்றார். ஆயினும் வாங்குவார் அதிகமில்லை. குதிரை இல்லாத வண்டி நெடுந்தூரம் ஓடும் என்று எவர் நம்புவார்? அவருடைய பட்டறையைக் காக்கத் தம் சீதனப் பணத்தையே தந்திருந்தவர் மனைவி பெர்த்தா.

1888 ஆகஸ்டில் ஒருநாள் அதிகாலை, கணவரிடம் சொல்லாமலே, பெர்த்தா இரு மகன்களுடன் அவ்வண்டியில் புறப்பட்டார். சுமார் 100 கிலோமீட்டருக்கு அப்பால், ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்தது அவருடைய தாய் வீடு.

வழியில் பெட்ரோல் நிலையம் ஏது? வீஸ்லாக் என்ற ஊரின் மருந்துக்கடையில், கறை நீக்க விற்கப்பட்ட லிக்ராயின் என்னும் பெட்ரோலியத் திரவமே எரிபொருளாயிற்று. எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். மின்கம்பியின் உறை தேய்ந்தது. காலுறைப் பட்டியைச் சுற்றினார். எஞ்சினின் வெப்பத்தை வாங்கித் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருந்ததால், அடிக்கடி தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. மேடுகளில் மகன்கள் வண்டியைத் தள்ளினர். பிரேக் கட்டைகள் தேய்ந்தபோது, செருப்புத் தைப்பவரிடம் சொல்லி அவற்றின்மேல் தோல் வைத்து அடிக்கச் செய்தார்.

போய்ச் சேர்ந்ததும் கணவருக்குத் தந்தி கொடுத்தார். பின்னர் கார்ல், மேடேறுவதற்கென மற்றொரு கியரைச் சேர்த்தார்.

பட்டறையில் தெரியாத குறைகள் சாலையில் தெரிந்துவிட்டன, கவனித்தீர்களா? அடுத்த முறை நீங்கள் செய்த கருவி பழுதானால் சலித்துக்கொள்ளாதீர்கள். எங்கே, எதனால் நின்றது என்று குறித்துக்கொள்ளுங்கள்.