ஏமி கார்மைக்கேல்: நோயாளிக்கு நோயாளி தந்த ஆறுதல்

ஏமி கார்மைக்கேல் (1867–1951) அயர்லாந்தின் வடபகுதியிலுள்ள மில்லைல் கிராமத்தில் பிறந்த கிறிஸ்தவ ஊழியர். 1895-இல் இந்தியா வந்தவர் பிறகு தாயகம் திரும்பவேயில்லை. திருநெல்வேலிச் சீமையின் டோனாவூரில், கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட இருந்த சிறுமிகளையும் ஆதரவற்ற பிள்ளைகளையும் வளர்த்தார். அவர்கள் எல்லாருக்கும் அவர் 'அம்மா'.

1931 அக்டோபரில் ஒரு குழியில் தவறி விழுந்து காலை முறித்துக்கொண்டார். முறிவோடு தொல்லை தீரவில்லை. வலியும் தூக்கமில்லாத இரவுகளுமாக, ஏறத்தாழ 20 ஆண்டுகள் பெரும்பாலும் அறைக்குள்ளேயே கழிந்தன.

எழுத்து மட்டும் நிற்கவில்லை.

துன்பத்தில் தேவனிடம் பெற்ற ஆறுதலைக் கொண்டே பிறரை ஆற்ற வேண்டும் என்கிறது, பவுல் கொரிந்தியருக்கு எழுதின இரண்டாம் நிருபத்தின் முதல் அதிகாரம். இதற்குக் கண்கண்ட சாட்சி, கார்மைக்கேல் 1933-இல் வெளியிட்ட 'ரோஸ் ஃப்ரம் பிரையர்'. நோயுற்றவர்களுக்கு எழுதிய கடிதங்களிலிருந்து பிறந்த நூல் அது. திடகாத்திரமானவர்கள் நோயாளிக்கு எழுதும் புத்திமதி படுக்கைவரை எட்டுவதில்லை என்பது அவர் கண்ட உண்மை. (ஆஸ்பத்திரியில் படுத்தவர்கள் யாரும் இதை மறுக்கமாட்டார்கள்.) அதனால் குணமாகும்வரை காத்திராமல், வலி இருக்கும்போதே எழுதினார்.

வேதனை ஏன் வந்தது என்பதற்கு அவர் சுலப விளக்கம் தருவதில்லை. அதை ஏற்று, தேவனிடம் சமாதானம் பெறுவதையே பேசுகிறார். நோயாளிகளைச் சந்திக்கப் போகிறவர்கள், பழம் வாங்குமுன் இந்த நூலைப் படித்துவிட்டுப் போகலாம்.