உலை கொதிக்கும் முன்பே பதம் பார்ப்பவர்கள்

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். சோறு வெந்த பிறகுதான் அது சரி. அரிசியைப் போட்ட மறுநிமிடமே ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்தால் என்ன தெரியும்? அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து ரசிகர்கள் ஒவ்வொரு நவம்பரிலும் ஏறக்குறைய இதைத்தான் செய்கிறார்கள். ஓர் அணிக்கு 82 லீக் ஆட்டங்கள். அதில் பத்துப் பதினைந்து முடிந்ததுமே பஞ்சாயத்து ஆரம்பமாகிவிடும். கோச் சரியில்லை, அந்த ஆட்டக்காரருக்குத் தலைக்கனம், டிவி வர்ணனையாளருக்கு நம் அணியைப் பிடிக்காது...

இப்படிப்பட்ட பஞ்சாயத்துகளில் மிகப் பெரியது 1981 நவம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணியில் நடந்தது. ஒரு சாம்பியன் கோச்சின் வேலை போனது. ஊரே கொண்டாடிய ஓர் இளைஞன் சொந்த ஊரிலேயே அவமானப்பட்டான். வர்ணனையாளராக இருந்த ஒருவர் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். கதை புரிய இரண்டு வருடம் பின்னால் போக வேண்டும்.

1979: முதல் ஆட்டமும் ஒரு சைக்கிளும்

1979 அக்டோபர் 12. மேஜிக் ஜான்சனுக்கு என்.பி.ஏ.யில் முதல் ஆட்டம். எதிரணி சான் டியாகோ கிளிப்பர்ஸ். கடைசி நொடியில் கரீம் அப்துல்-ஜப்பார் தனது புகழ்பெற்ற 'ஸ்கை ஹூக்' போட்டு ஒரே புள்ளியில் ஜெயிக்க வைத்தார். கோப்பையையே வாங்கிவிட்டது போல மேஜிக் ஓடிப்போய் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டார். அனுபவசாலியான கரீமோ, இன்னும் 81 ஆட்டம் பாக்கி இருக்கிறது, அடங்கு தம்பி என்கிற மாதிரி சொல்லிவிட்டார். இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்ல வருவதை அவர் அன்றைக்கே சொல்லி முடித்துவிட்டார்!

அப்போது கோச் ஜாக் மெக்கின்னி. ஓடி ஆடும் லேக்கர்ஸ் ஆட்டத்துக்கு அஸ்திவாரம் போட்டவர் அவர்தான். பந்து கைக்கு வந்ததும், எதிரணி தற்காப்புக்கு நிற்கும் முன்பே பறந்துபோய்க் கூடையில் போடுவது: 'ஃபாஸ்ட் பிரேக்'. சீசன் தொடங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. நவம்பர் 8 அன்று தன் உதவியாளர் பால் வெஸ்ட்ஹெட்டுடன் டென்னிஸ் ஆட சைக்கிளில் கிளம்பினார் மெக்கின்னி. வழியில் தலைகுப்புற விழுந்து தலையில் பலத்த அடி. பொறுப்பு வெஸ்ட்ஹெட்டுக்கு வந்தது. ஆங்கில இலக்கியம் கற்பித்தவர், ஷேக்ஸ்பியர் பிரியர்.

தனக்கு ஓர் உதவியாளர் தேவைப்பட்டபோது வெஸ்ட்ஹெட் கூப்பிட்டது பாட் ரைலியை. ரைலி பழைய லேக்கர்ஸ் ஆட்டக்காரர். 1972-இல் கோப்பை வென்ற அணியில் இருந்தவர். ஓய்வுக்குப் பின் 1977 முதல் அவருக்கு வேலை, வர்ணனையாளர் சிக் ஹெர்ன் பக்கத்தில் உட்கார்ந்து இடையிடையே பேசுவது.

சிக் ஹெர்ன் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். 1965 நவம்பரிலிருந்து 2001 டிசம்பர் வரை ஓர் ஆட்டத்தைக்கூட விடாமல், தொடர்ச்சியாக 3,338 ஆட்டங்களுக்கு வர்ணனை செய்தவர். ரேடியோவுக்கும் டிவிக்கும் ஒரே குரல். 'ஸ்லாம் டங்க்', 'ஏர் பால்' போன்ற சொற்களைப் பரப்பிய பெருமை அவருக்கு உண்டு. லேக்கர்ஸ் மோசமாக ஆடினால் அதையும் ஒளிக்காமல் சொல்வார். அந்த ஊர் ரசிகர்கள் பல வருடங்கள் தங்கள் அணியைப் பார்த்ததே அவர் சொற்கள் வழியாகத்தான்.

1980-இல் லேக்கர்ஸ் கோப்பை வென்றது. காயம்பட்ட கரீம் இல்லாமலே ஃபிலடெல்ஃபியாவில் நடந்த ஆறாவது இறுதி ஆட்டத்தில் மேஜிக் 42 புள்ளிகள் எடுத்தார். வயது இருபது. அடுத்த வருடம் தலைகீழ். முழங்கால் காயத்தால் மேஜிக் 45 ஆட்டங்களில் ஆடவில்லை. பிளே-ஆஃப் முதல் சுற்றிலேயே ஹூஸ்டனிடம் தோல்வி. கடைசி நொடிகளில் அவர் எறிந்த பந்து வளையத்தைக்கூடத் தொடவில்லை. சிக் ஹெர்ன் மொழியில் சொன்னால், ஏர் பால்.

1981 நவம்பர்

1981 கோடையில் உரிமையாளர் ஜெர்ரி பஸ் மேஜிக்குடன் 25 வருடத்துக்கு 2.5 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார். அந்தக் காலத்தில் அது நம்ப முடியாத தொகை. அதே நேரத்தில் வெஸ்ட்ஹெட் ஆட்ட முறையை மாற்றினார். ஓட்டம் குறைந்தது. எல்லோரும் வரைந்த இடத்தில் நின்று, பந்தைக் கரீமிடம் கொண்டு சேர்ப்பது என்றானது. முதல் ஆறு ஆட்டங்களில் நான்கு தோல்வி. பிறகு தொடர்ந்து ஐந்து வெற்றி. கணக்குப்படி 7-4. யார் பார்த்தாலும் அணி சரியாகிக்கொண்டிருக்கிறது என்றுதான் தோன்றும்.

நவம்பர் 18, யூட்டாவில் ஐந்தாவது வெற்றி. ஆட்டத்தின் நடுவே மேஜிக் தன் பேச்சைக் கவனிக்கவில்லை என்று வெஸ்ட்ஹெட் கடிந்துகொண்டார். ஆட்டம் முடிந்ததும் மேஜிக் நிருபர்களிடம், என்னை வேறு அணிக்கு அனுப்பிவிடுங்கள் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். மறுநாள் வெஸ்ட்ஹெட்டுக்கு வேலை போனது. மேஜிக் பேசுவதற்கு முன்பே முடிவெடுத்துவிட்டதாக பஸ் சொன்னார். நம்பியவர்கள் குறைவு.

அன்றைய பத்திரிகையாளர் சந்திப்பு ஒரு தமாஷ். ஜெர்ரி வெஸ்ட்டும் ரைலியும் சேர்ந்து அணியை நடத்துவார்கள் என்ற மாதிரி பஸ் அறிவித்தார். வெஸ்ட் மைக்கைப் பிடித்து, நான் ரைலிக்கு உதவி செய்யத்தான் வந்திருக்கிறேன் என்று திருத்தினார். அந்த ஒரு வாக்கியத்தில் முன்னாள் வர்ணனையாளர் தலைமைக் கோச் ஆகிவிட்டார்.

அடுத்த ஆட்டம் சொந்த அரங்கில். மேஜிக் பெயரை அறிவித்ததும் கேலிக்கூச்சல். மற்ற ஊர்களிலும் அதே கதை. 22 வயதுப் பையன், கோடிக்கணக்கில் பணம், கோச்சையே காலி பண்ணிவிட்டான் என்பதுதான் ரசிகர் தீர்ப்பு. 1982 ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு அவரைத் தொடக்க ஐவரில் ஒருவராகக்கூட வாக்களித்துத் தேர்வு செய்யவில்லை. மாற்று ஆட்டக்காரராகத்தான் போனார்.

ரைலி மறுபடி ஓடவிட்டார். லீக்கில் 57-25. பிளே-ஆஃபில் முதல் எட்டு ஆட்டங்களும் வெற்றி. இறுதியில் ஃபிலடெல்ஃபியாவை 4-2 என்று முடித்துக் கோப்பை. இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் மேஜிக். கூச்சல் கைத்தட்டலாக மாறியது. 1985, 1987, 1988 ஆகிய வருடங்களிலும் ரைலியின் லேக்கர்ஸ் கோப்பை வென்றது.

2010 நவம்பர்

இங்கேயே கதையை முடித்தால், 'ஆரம்பத்திலேயே கோச்சை மாற்றினால் கோப்பை' என்ற பாடம் கிடைக்கும். ஆனால் அதே பாட் ரைலி பல வருடம் கழித்து மறுபக்கத்தில் உட்கார நேர்ந்தது. அப்போது அவர் மயாமி ஹீட் அணியின் தலைவர். 2005 டிசம்பரில் அணி 11-10 என்று தடுமாறியபோது கோச் ஸ்டான் வான் கண்டி விலக, ரைலியே இறங்கி வந்து 2006-இல் கோப்பை வாங்கியிருந்தார். எனவே 2010-இல் ரசிகர்கள் என்ன கேட்டிருப்பார்கள் என்று நீங்களே யூகிக்கலாம்.

லெப்ரான் ஜேம்ஸ், டுவேன் வேட், கிறிஸ் பாஷ் மூவரும் ஒரே அணி. எல்லா ஆட்டமும் ஜெயிப்பார்கள் என்ற எதிர்பார்ப்பு. நவம்பர் 27 அன்று டாலஸில் தோற்றபோது கணக்கு 9-8. அந்த ஆட்டத்தில் இடைவேளைக்கு நடந்து வந்த லெப்ரானின் தோள் கோச் எரிக் ஸ்போல்ஸ்ட்ரா மீது இடித்தது. டிவியில் அதைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். ஸ்போல்ஸ்ட்ரா அணியின் வீடியோ அறையில் வேலையைத் தொடங்கியவர். இவரால் முடியாது, ரைலி வர வேண்டும் என்ற குரல் எங்கும் கேட்டது.

ரைலி வரவில்லை. அணி அடுத்த 12 ஆட்டங்களையும் ஜெயித்தது. 2011 இறுதியில் டாலஸிடம் தோற்றபோதும் அவர் கோச்சை மாற்றவில்லை. 2012, 2013 இரண்டு வருடமும் கோப்பை.

அப்படியானால் எது சரி?

எனக்குத் தோன்றுவது இது. வெற்றி தோல்விக் கணக்கு இரண்டு நவம்பரிலும் உண்மையைக் காட்டவில்லை. 1981-இல் இருந்தது பழகிய அணி. ஓடிக் கோப்பை வாங்கியவர்களை நிற்க வைத்ததுதான் நோய். ஐந்து வெற்றிகள் அந்த நோயை மறைத்தன. 2010-இல் இருந்தது பழகாத அணி. வேட் காயத்தால் பயிற்சி ஆட்டங்களில் ஏறக்குறைய ஆடவே இல்லை. அங்கே தேவைப்பட்டது நாள்கள் மட்டும்தான். எட்டுத் தோல்விகள் அதை நோய் போலக் காட்டின. எனவே நவம்பரில் ரசிகன் கேட்க வேண்டியது 'எத்தனை ஜெயித்தார்கள்' என்பதல்ல. 'போன வருடத்திலிருந்து என்ன மாறியது, அது காலம் போனால் சரியாகுமா' என்பதுதான்.

வெஸ்ட்ஹெட்டை மாற்றியது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் 'ஓட்டத்துக்கு எதிரி' என்று அவர் மேல் ஒட்டிய முத்திரை அநியாயம். அவர் பயிற்சியளித்த லயோலா மேரிமவுண்ட் கல்லூரி அணி 1989-90-இல் ஆட்டத்துக்குச் சராசரியாக 122 புள்ளிகளுக்கு மேல் எடுத்தது. கல்லூரிக் கூடைப்பந்தில் வேகத்துக்கு உதாரணமாக அந்த அணியைத்தான் சொல்கிறார்கள். 2007-இல் ஃபீனிக்ஸ் மெர்குரி மகளிர் அணிக்கும் கோப்பை வாங்கித் தந்தார்.

மெக்கின்னியோ லேக்கர்ஸுக்குத் திரும்பவே இல்லை. இந்தியானா அணிக்குப் போய் 1981-இல் ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருது வாங்கினார். 2018-இல் காலமானார். ரைலியா வெஸ்ட்ஹெட்டா, மேஜிக் செய்தது சரியா தப்பா என்ற வாதம் இன்னும் நடக்கிறது. அந்த அணிக்கு ஓடக் கற்றுக்கொடுத்தவரின் பெயர் அதில் எப்போதாவதுதான் வருகிறது.