சாராஅத் முதல் குஷ்டம் வரை: விவிலிய மொழிபெயர்ப்பும் விலக்கப்பட்ட உடலும்

லேவியராகமம் 13, 14ஆம் அதிகாரங்கள் கூறும் ‘சாராஅத்’ மனிதத் தோலில் மட்டுமன்றி ஆடையிலும் வீட்டுச் சுவரிலும் தோன்றுவதாகும். ஆகவே அதனை இன்றைய தொழுநோயாகக் கொள்ளவியலாது. கிரேக்க மொழிபெயர்ப்பு அதனை ‘லெப்ரா’ என்றது. ஹென்றி பவர் தலைமையிலான குழுவின் 1871ஆம் ஆண்டுத் தமிழ் விவிலியம் ‘குஷ்டம்’ என்றது. சடங்குத் தீட்டு இவ்வாறு நோயுற்றோர் உடல்மீது ஏற்றப்பட்டது.

இயேசு நோயாளியைத் தொடும் மத்தேயு 8:3 மருத்துவத் திருப்பணிக்கு உந்துதலாயிற்று. 1955இல் வேலூர் அருகே காரிகிரியில் தொழுநோய் ஆய்வு நிலையம் எழுந்தது. ஆயினும் இவ்வாசிப்பில் நோயாளி இரக்கத்திற்குரியவராகவே நிற்கிறார். மாற்கு 14:3 வேறொரு காட்சியைத் தருகிறது: பெத்தானியாவில் குஷ்டரோகி சீமோன் வீட்டுப் பந்தியில் இயேசு விருந்தினர். சீமோன் முன்பே குணமடைந்திருப்பார் என்னும் ஊகம் மூலத்தில் இல்லை.

இவ்வேறுபாடு வாழ்வுரிமை சார்ந்தது. கூட்டு மருந்துச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1982இல் பரிந்துரைத்திருந்தும், கிறித்தவர்க்கான 1869ஆம் ஆண்டு மணமுறிவுச் சட்டத்தில் ‘குணமாகாத’ கடுந்தொழுநோய் 2001இல்தான் மணமுறிவுக் காரணமாகச் சேர்க்கப்பட்டது, 2019இல் நீக்கப்பட்டது. நோயை மருந்து தீர்த்தது. சொல் சுமத்திய தீட்டைக் களைவது விவிலிய விளக்கவியலின் கடமையாகும்.