வானத்துத் தூசியை அளந்த ஒளி



1883-ல் கிரகடோவா எரிமலை வெடித்த பிறகு, பல மாதங்கள் உலகின் பல நாடுகளில் அந்திவானம் வழக்கத்தைவிடச் சிவந்தது. பெரிய எரிமலைகள் கக்கும் கந்தக வாயு, சுமார் 20 கி.மீ. உயரத்தில் நுண்ணிய அமிலத் துளிகளாக மாறுகிறது. மழை மேகங்கள் அதற்குக் கீழேயே நின்றுவிடுவதால் அவற்றைக் கழுவ ஆளில்லை. ஓரிரு ஆண்டுகள் மிதந்துகொண்டே இருக்கும்.

1960 வாக்கில் கிறிஸ்டியன் யுங்கே பலூன்களை அனுப்பி இந்தத் துகள் அடுக்கைக் கண்டறிந்தார். ஆனால் பலூன் ஏறிய நாளில் மட்டும்தான் தகவல் கிடைக்கும். அதே 1960-ல் மைமன் ரூபி லேசரை உருவாக்கினார். மூன்றே ஆண்டுகளில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஃபியோக்கோவும் ஸ்மல்லினும் லேசரை வானை நோக்கிச் செலுத்தி, திரும்பிய ஒளியைப் பதிவு செய்தார்கள். 1964-ல் ஃபியோக்கோவும் கிராம்ஸும் அந்த 20 கி.மீ. அடுக்கையே பிடித்துவிட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் பாலித் தீவில் அகுங் எரிமலை வெடித்திருந்தது.

நான் வகுப்பில் போட்ட எதிரொலிக் கணக்கு நினைவிருக்கிறதா? அதேதான், ஒலிக்குப் பதில் ஒளி. போக 20, வர 20, ஆக 40 கி.மீ. ஒளி நொடிக்கு 3 லட்சம் கி.மீ. செல்லும். வகுத்தால் ஒரு நொடியில் 7,500-ல் ஒரு பங்கு. திரும்பும் நேரம் உயரத்தைச் சொல்லும்; திரும்பும் ஒளியின் அளவு துகள்களின் அடர்த்தியைச் சொல்லும். இந்தக் கருவிக்குப் பெயர் லிடார். நம் திருப்பதிக்கு அருகே காதங்கியிலும் 1998 முதல் ஒன்று உண்டு.

1991 ஜூன் 15 அன்று பிலிப்பைன்ஸில் பினாட்டுபோ வெடித்தது. சுமார் மூன்று வாரங்களில் அதன் மேகம் பூமியைச் சுற்றிவந்தது. அது பரவியதையும் மெல்லக் கரைந்ததையும் பல நாட்டு லிடார்கள் தொடர்ந்து கவனித்தன. உலகின் சராசரி வெப்பம் ஏறக்குறைய அரை டிகிரி செல்சியஸ் குறைந்தது. 2006 முதல் 2023 வரை கலிப்சோ செயற்கைக்கோள் விண்ணிலிருந்தே இந்த வேலையைச் செய்தது.

புவி வெப்பத்தைக் குறைக்க நாமே மேலே கந்தகம் தூவலாம் என்று இன்று சிலர் யோசனை சொல்கிறார்கள். பினாட்டுபோவுக்குப் பின் நிலப்பரப்பில் மழையும் குறைந்தது என்பதை மறக்கக் கூடாது. மழையை நம்பி வாழும் நாம் இந்த யோசனையை அவசரப்பட்டு ஆதரிக்கக் கூடாது என்பதே என் கருத்து. அறுபது ஆண்டுகளாகப் பொறுமையாகச் சேர்த்த அளவுகள் கையில் இருப்பதால்தான் இதைக் கணக்கோடு பேச முடிகிறது.

வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு: 30 கி.மீ. உயரத்துத் துகளிலிருந்து ஒளி திரும்ப எவ்வளவு நேரம் ஆகும்? விடையைக் கீழே எழுதச் சொல்லுங்கள். நானே திருத்துகிறேன்.