இணையம் திறவாத அலுவலகக் கணினி: கோலசிலாங்கூர், வட சிலாங்கூர் தோட்டங்கள்

அலுவலகக் கணினியில் இணையப் பக்கம் திறக்காமல் போவது தனியொரு பழுது அன்று. காய்ச்சலைப் போல, பல பழுதுகளுக்கும் பொதுவான அறிகுறி அது. கோலசிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா (முன்னாளைய பத்தாங் பெர்ஜுந்தை), சபாக் பெர்ணம் வட்டாரத் தோட்டங்களில் இந்த அறிகுறி தோன்றியதுமே ‘லைன் போச்சு’ என்று முடிவுகட்டிவிடுவது வழக்கம். அதற்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. 1917இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனை நடவு தென்னமரம் தோட்டத்தில் தொடங்கிய நிலம் இது. ஊரை விட்டு ஒதுங்கிக் கிடந்த தோட்ட ஆபீசுகளுக்குத் தொலைபேசிக் கம்பி மரங்களுக்கிடையே நெடுந்தூரம் ஓடிவர வேண்டியிருந்தது. 2001இல் அறிமுகமான ஸ்ட்ரீமிக்ஸ் அகலக்கற்றையும் அதே செம்புக் கம்பியைத்தான் நம்பியது. தொலைபேசி நிலையத்திலிருந்து ஐந்து கிலோமீட்டர் தாண்டினால் தள்ளாடும் நுட்பம் அது. போதாக்குறைக்கு இடியும் கம்பித் திருட்டும். 2010இல் யூனிஃபை வந்தபின் கண்ணாடி இழையும், பிறகு 4ஜி ரவுட்டரும் செம்பின் இடத்தைப் பிடிக்கத் தொடங்கின. கம்பி மாறினாலும் கணிப்பு மாறவில்லை.

லைனைக் கடைசியில்தான் சந்தேகிக்க வேண்டும். உலாவிக்கும் வெளியுலகுக்கும் நடுவே கணினி, கேபிள் அல்லது வைஃபை, ரவுட்டர், பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ், சேவை வழங்குநர் எனப் பல கண்ணிகள் உள்ளன. எது அறுந்தது என்று தெரியாமல் எதைத் தொட்டாலும் அது குருட்டு வைத்தியம். முதல் கேள்வி ஒரே கணினியிலா, எல்லாவற்றிலுமா என்பது. கிராணியின் மேசைக் கணினி முடங்கியிருக்க, அதே வைஃபையில் கைப்பேசி ஓடினால், லைன் அந்த நிமிடமே குற்றமற்றது. அடுத்து, கணினியின் ஐபி எண்ணைப் பார்க்க வேண்டும். அது 169.254 என்று தொடங்கினால் ரவுட்டரிடமிருந்து எண் கிடைக்கவில்லை, கணினி தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்று பொருள். கேபிளையோ ரவுட்டரையோ சோதிக்கலாம். ஆபீசிலிருந்து ஸ்டோர்வரை இழுத்த கேபிள் நூறு மீட்டரைத் தாண்டியிருந்தால் அதுவே போதுமான காரணம். எண் சரியாக இருந்தால் ரவுட்டரைப் பிங் செய்து (பதில் வருகிறதா என்று தட்டிப் பார்த்து), பிறகு 8.8.8.8 போன்ற வெளி எண்ணைப் பிங் செய்ய வேண்டும். வெளி எண் பதில் சொல்லி, இணையதளப் பெயர் மட்டும் பதில் சொல்லாவிட்டால் கோளாறு டிஎன்எஸ்ஸில்.

இவ்வளவும் எதற்கு, ரவுட்டரை அடைத்துத் திறந்தால் சரியாகிவிடுமே என்பார்கள். பல வேளைகளில் சரியாகிறது, மறுக்க முடியாது. ஆனால் விளக்குகளின் நிறமும் கணினி வைத்திருந்த எண்ணும் அத்துடன் அழிகின்றன, நாளை அதே பழுது வரும்போது நேற்றைய தடயம் இருக்காது. விளக்குகளைக் கைப்பேசியில் படமெடுத்த பின் அடைப்பதில் நட்டமில்லை. கிராணி என்ன டெக்னீஷியனா என்ற கேள்வியிலும் நியாயம் உண்டு. அவர் பழுதுபார்க்க வேண்டியதில்லை, எங்கே என்று மட்டும் காட்டினால் போதும். சேமநிதி, சொக்சோ சந்தாக்களுக்கு மாதத்தின் 15ஆம் தேதி கெடு. பெரிய நிறுவனங்களுக்கு 2024 ஆகஸ்டு முதல் இ-இன்வாய்சும் சேர்ந்துகொண்டது. பட்டணத்திலிருந்து ஆள் வரும்வரை காத்திருக்க அந்தக் கெடு இடம் தராது. மூன்றாவது மறுப்பு நுட்பமானது: பிங்குக்குப் பதில் சொல்லாதபடி சில கருவிகள் அமைக்கப்பட்டிருக்கும். ஆகவே பதில் வந்தால் பாதை உண்டு என்று உறுதியாகச் சொல்லலாம், வராததை மட்டும் வைத்துப் பாதை இல்லை என்று சொல்லக்கூடாது.

டிஎன்எஸ்ஸைக் கூகுளின் பொதுச் சேவையான 8.8.8.8 என்று மாற்றிவிடுவது கைவைத்தியமாகவே பரவியிருக்கிறது. அதன் எல்லையை 2024 செப்டம்பர் காட்டியது. பொது டிஎன்எஸ்ஸுக்குப் போகும் வினாக்களை உள்ளூர் சேவையகங்களுக்குத் திருப்பும்படி மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் வழங்குநர்களைப் பணித்திருந்தது. சிலர் செயல்படுத்தவும் தொடங்கினர். எதிர்ப்பு எழவே, 8ஆம் தேதி தொடர்புத் துறை அமைச்சர் பாஹ்மி பாட்சில் அதைத் தொடர வேண்டாம் என்றார். கணினியில் எழுதிய எண்ணுக்கும் உண்மையில் பதில் சொல்லும் சேவையகத்துக்கும் இடையே வேறொரு கை புக முடியும் என்பது அப்போது தெரிந்தது.

எல்லாச் சோதனையும் தேறி, உலாவி மட்டும் மறுக்கும் நிலையும் உண்டு. தலைமை ஆபீசிலிருந்து வந்த மடிக்கணினியில் அங்குள்ள புராக்சி (இடைநிலைச் சேவையக) அமைப்பு அப்படியே தங்கியிருக்கலாம். இன்னொன்று கடிகாரம். இடிக்குப் பயந்து மாலையில் மெயின் சுவிட்சையே அடைத்துவிடும் ஆபீசில், அந்நேரமெல்லாம் தாய்ப்பலகையிலுள்ள நாணய பேட்டரிதான் நேரத்தைக் காக்கிறது. அது தீர்ந்தால் கணினி சில ஆண்டுகள் பின்னே போய், தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் அனைத்தையும் செல்லாதவை என்று தள்ளிவிடும். திரையோரத்து இணையச் சின்னத்தையும் நம்பக்கூடாது. மைக்ரோசாஃப்டின் ஒரு முகவரி எட்டுகிறதா என்பதைப் பார்த்தே விண்டோஸ் அதைக் காட்டுகிறது.

எல்லாம் விலகிய பிறகு மிஞ்சுவது லைன். இழை இணைப்பில் ‘லாஸ்’ விளக்கு சிவந்தால் ஒளி வரவில்லை, அப்போது யூனிஃபை வாடிக்கையாளர் 100க்கு அழைக்கலாம். இழையில் மின்னல் பாயாது, ஆனால் ரவுட்டரின் மின்சார வயர் வழியாகப் பாயும். 4ஜியில் சிக்கல் வேறு. அன்டெனா பொருத்திய நாளில் இளங்கன்றுகளாய் இருந்த செம்பனைகள் ஆண்டுதோறும் உயர்ந்து, நீர் நிறைந்த மட்டைகளால் கோபுரத்தை மறைக்கின்றன. பழுது ஒரே நாளில் நேராமல் சிறிது சிறிதாக வருவதால் பழி மழைமேல் விழுகிறது. ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டில் மறுநடவுக்காக மரங்களைச் சாய்த்ததும், ரவுட்டரை யாரும் தொடாமலே சிக்னல் திரும்பிவரும்.