உடைமையும் முதலும்: திருகோணமலைக் கரை காட்டும் வரலாறு

திருகோணமலை நகரினின்று நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளி ஆகிய ஊர்களைக் கடந்து வடக்கே செல்லும் கரையோரப் பாதை புல்மோட்டையை அடைகின்றது. அதன் வட முனையில் கனிய மணல் உண்டு. தென் முனையில் துறைமுகத்தைச் சார்ந்த தொழிற்சாலைகள் உண்டு. ஒரு தொழில் தனக்கு வேண்டிய முதலை எவ்வழியாற் பெறும் என்பதை, அதனை உடையவர் யாவர் என்பதே பெரிதும் தீர்மானிக்கும். இவ்வுண்மைக்கு இக்கரையின் வரலாறு நல்ல சான்றாகும்.

அமெரிக்கப் பெருங் கம்பனிகளின் பங்குகள் பலரிடம் சிதறிக் கிடத்தலால், உடைமை ஒருவரிடமும் ஆட்சி வேறொருவரிடமும் அமைந்தன என 1932இல் பேர்லி, மீன்சு என்னும் அறிஞர் இருவர் எடுத்துக் காட்டினர். ஆசிய நாடுகள் பலவற்றின் நிலை வேறு. ஆண்டு, குடும்பமோ அரசோ அயல்நாட்டுத் தாய்க் கம்பனியோ பெரும்பங்கைத் தன்வயம் வைத்திருத்தல் இயல்பு. அவர் புதுப் பங்குகளைப் பிறர்க்கு விற்பின் ஆட்சியுரிமை தேயும். கடன் கொள்ளின் ஆட்சி நிலைக்கும், ஆயின் தொழில் நலிந்த காலத்தும் வட்டி ஓயாது.

புல்மோட்டைக் கனிய மணலுக்கென 1957இல் அரசு கூட்டுத்தாபனம் ஒன்றை நிறுவிற்று. 1992இல் அது கம்பனியாக மாறியபோதும் பங்கு முழுவதும் அரசினிடமே இருந்தது. எனவே பொதுமக்கள் முதலிடும் வழி திறக்கவில்லை. பெருமுதலீடு ஒவ்வொன்றும் அரசின் இசைவை எதிர்நோக்கிற்று. இல்மனைற்று முதலியன பெரும்பாலும் பிரித்தெடுத்த கனியங்களாகவே கப்பலேறின.

துறைமுகத்தில் எழுந்த டோக்கியோ சீமெந்துக் கம்பனி வேறு வழியை நாடிற்று. ஏ. வை. எஸ். ஞானம் அவர்கள் 1982இல் யப்பானிய மிற்சுயி சுரங்கக் கம்பனியோடு கூடி அதனை நிறுவினார். 1984இல் அது பொதுமக்களுக்கும் பங்கு வழங்கிற்று. அதன் பங்குகள் வாக்குரிமை உள்ளவை, இல்லாதவை என இரு வகையின. வாக்கற்ற பங்கை வாங்குபவர் இலாபத்திற் பங்கு பெறுவர். ஆட்சியிற் பங்கு பெறார். பிறர் முதலைப் பெறவும் நிறுவியோர் பிடியைத் தளரவிடாதிருக்கவும் இஃது ஓர் உபாயம்.

2004இல் பங்குச் சந்தைக்கு வந்த லங்கா ஐ.ஓ.சி. கம்பனியிலோ, ஏறக்குறைய முக்காற் பங்கு இந்திய எண்ணெய்க் கூட்டுத்தாபனத்திடமே தங்கிற்று. பிரித்தானியர் விட்டுச் சென்ற எண்ணெய்த் தாங்கிகளில் 61ஐ மேம்படுத்த 2022இல் உடன்படிக்கையானபோது, இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் 51 வீதத்தைத் தன்னிடம் வைத்து, 49 வீதத்தை அக்கம்பனிக்கு அளித்தது. முதல் வேண்டும், ஆட்சியும் வேண்டும் என்னும் இரு விருப்புகளின் எல்லைக்கோடே அவ்விரு வீதம் மிகை என்க.

இவற்றால் விளங்குவது யாது? நிதி தேடும் முறை வெறுங் கணக்கன்று. அதிகாரத்தைப் பேணும் முறையுமாகும். ஆயின் மணலும் துறையும் தந்த கரையோர மக்களுக்கு இவ்வேடுகளில் வாக்குள்ள பங்குமில்லை, வாக்கற்ற பங்குமில்லை. ஆதலின் ஒரு தொழிலின் முதல் எவ்வளவு என்று வினவுமுன், அதன் முடிவுகள் எவர் கையில் உள என்று வினவுதல் கற்றோர் கடனாகும்.