சிறு வண்டியும் பெருவலுவும்

பொருள் அரிதாகும்போது கைத்திறன் பெருகும் என்பதற்குக் கொழும்பில் ஓடிய மொறிஸ் மைனர் வண்டிகளின் வரலாறு நல்லதொரு சான்றாகும். வெள்ளவத்தையிற் குடும்ப வண்டியாகவும், கொட்டாஞ்சேனையில் வாடகை வண்டியாகவும் அது நெடுங்காலம் உழைத்தது.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இவ்வண்டி 1948ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்தது. வளைவுகளில் நிலைகுலையாத நடைக்குப் பெயர் பெற்றதாயினும், வலுவில் அது வறியதே. அதன் 918 கன சென்ரிமீற்றர் எஞ்சின் 27.5 குதிரைவலுவையே தந்தது. 1952இல் ஒஸ்ரின் நிறுவனமும் மொறிஸ் நிறுவனமும் ஒன்றிணைந்தன. அதன் பயனாக, ஒஸ்ரின் ஏ30 வண்டிக்கென அமைந்த 803 கன சென்ரிமீற்றர் எஞ்சின் மைனருக்கும் வந்து சேர்ந்தது. ‘ஏ வரிசை’ எனப்பட்ட இந்த எஞ்சின் 1956இல் 948 கன சென்ரிமீற்றராகி 37 குதிரைவலுவையும், 1962இல் 1098 ஆகி 48 குதிரைவலுவையும் எட்டியது. இவை யாவும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். ஆதலால், மூத்த வண்டியில் இளைய எஞ்சினைப் பொருத்துதல் இயல்வதாயிற்று.

1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் இலங்கையின் கார் இறக்குமதி இறுகியது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை, புதிய வண்டி பலருக்கும் எட்டாக்கனியாயிற்று. இருப்பதைக் கொண்டே பிழைக்க வேண்டிய நிலையில், மருதானையை அடுத்த பஞ்சிகாவத்தையின் பழைய உதிரிப்பாகக் கடைகளே வண்டிக்காரரின் புகலிடமாயின.

குறைந்த செலவில் வலுவைக் கூட்ட விரும்புவோன் முதலிற் செய்யவேண்டியது, இழந்த வலுவை மீட்டலாகும். கரி படிந்து, வால்வுகள் இறுக மூடாத எஞ்சின் தன் அழுத்தத்தைக் கசியவிடும். தலைப்பகுதியைக் கழற்றிக் கரியைச் சுரண்டி, வால்வுகளைப் பசையிட்டுத் தேய்த்து, தீப்பொறி எழும் கணத்தைச் சீராக்கினால் சோர்ந்த எஞ்சினும் நிமிரும். இதற்கு வேண்டுவன கூலியும் ஒரு காஸ்கற்றுமே. தலைப்பகுதியின் அடித்தளத்தைச் சிறிது சீவினால், எரிகலவை மேலும் நெருங்கி அமுக்கப்பட்டு வலு கூடும். ஆனால் பெற்றோலின் தரம் அதற்கு ஈடுகொடாவிடின் எஞ்சின் தட்டத் தொடங்கும். நாளடைவில் பிஸ்ரன்களும் பழுதாகும்.

அடுத்த படி, எஞ்சினை நன்கு மூச்சுவிடச் செய்தலாகும். 1958இல் வெளிவந்த ஒஸ்ரின் ஹீலி ஸ்பிறைற் என்னும் விளையாட்டுக் காரில் அதே 948 கன சென்ரிமீற்றர் எஞ்சினே இருந்தது. இரு காபரேற்றர்களும் உறுதியான வால்வுச் சுருள்களும் பெற்று, அது ஏறத்தாழ 43 குதிரைவலுவைத் தந்தது. எனினும் இரு காபரேற்றர்களை ஒத்திசைவிக்கப் பழகிய கை வேண்டும். வாடகை வண்டிக்கோ, ஒரே காபரேற்றரோடு அமைந்த 1098 எஞ்சினே சிக்கனமானது.

இங்கு மறக்கலாகாத செய்தி ஒன்றுண்டு. 1962இல் 1098 எஞ்சினை மைனரில் ஏற்றியபோது, தயாரித்தவர்கள் முன்சில்லுப் பிரேக்குகளின் உருளைகளை 7 அங்குலத்திலிருந்து 8 அங்குலமாகப் பெருக்கினர். பின்னச்சின் பல்விகிதத்தையும் 4.55இலிருந்து 4.22 ஆகக் குறைத்தனர். எஞ்சினை மாத்திரம் மாற்றி, பழைய பிரேக்குகளோடு மழைநாளிற் காலி வீதியில் இறங்கியவன், மிச்சம் பிடித்த பணத்திலும் பன்மடங்கை இழக்க நேரும். எஞ்சின் வாங்கும் நாளிலேயே பிரேக்குக்கும் பணம் ஒதுக்குபவனே உண்மையிற் சிக்கனம் அறிந்தவன்.